குச்சி குத்திய ஆப்பிள்

ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் ‘ஹாலோவீன்’ என்னும் விழா நடைபெறுகிறது. வீட்டு வாயிலில் கண், மூக்கு, வாய் செதுக்கிய பூசணிக்காய் ஒன்றின் உள்ளே விளக்கு எரியும். பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு என்று வேடமிட்ட சிறுவர்கள் கையில் பையுடன் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுவார்கள். கதவைத் திறப்பவர்கள் அவர்களுக்குத் தின்பண்டம் கொடுப்பார்கள். வீட்டுக்குள்ளேயோ அடுப்பில் சர்க்கரைப் பாகு கொதித்துக் கொண்டிருக்கும்.

பேய்க்கும் விஞ்ஞானத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பேயை விட்டுவிடுவோம். அந்த அடுப்பையும், அதில் கொதிக்கும் பாகையும், அந்தப் பாகில் தோய்த்தெடுக்கும் ஆப்பிளையும் மட்டும் பார்ப்போம். பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் அங்கே ஒன்றாகக் கூடியிருக்கின்றன. சில உயிர்களைப் பலிகொண்ட ஒரு புதிரும், அதை விடுவித்த ஓர் எளிய சோதனையும் அங்கே இருக்கின்றன.

விழா பிறந்த கதை

பழங்கால அயர்லாந்து மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளைச் ‘சௌவின்’ என்ற பெயரில் கொண்டாடினார்கள். அன்றிரவு இறந்தோரின் ஆவிகள் உலகில் உலவும் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னாளில் கிறித்தவ சமயத்தார் நவம்பர் முதல் நாளைப் புனிதர் அனைவரின் திருநாளாகக் கொண்டனர். அதற்கு முந்திய மாலை என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களே மருவி ‘ஹாலோவீன்’ ஆயின.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலில் குடைந்து விளக்கு வைத்தது பூசணியில் அன்று. டர்னிப் என்னும் கிழங்கில்தான். 1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, கொடிய பஞ்சம் ஏற்பட்டது. இலட்சக்கணக்கானோர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். தங்கள் விழாவையும் உடன் கொண்டு சென்றனர். அங்கே அமெரிக்க மண்ணுக்கே உரிய பூசணி ஏராளமாக விளைந்தது. கடினமான டர்னிப்பைவிடப் பூசணியைக் குடைவது எளிது. அளவிலும் அது பெரியது. ஆகவே விளக்கு பூசணிக்கு மாறியது. குடைந்தெடுத்த விதைகளைக் கழுவி, உப்புச் சேர்த்து வறுத்துத் தின்பது இன்றும் பல குடும்பங்களில் வழக்கம்.

அயர்லாந்துக் குடும்பங்களில் அன்று ‘பார்ம்பிராக்’ என்னும் உலர்பழ ரொட்டி செய்வார்கள். மாவில் ஒரு மோதிரத்தை மறைத்து வைத்திருப்பார்கள். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்கு விரைவில் திருமணம் ஆகும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

மற்றொரு விளையாட்டும் உண்டு. பெரிய தொட்டியில் நீர் நிரப்பி ஆப்பிள்களை மிதக்கவிடுவார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லால் கடித்து ஒன்றை எடுக்கவேண்டும். கடிக்கப் போனால் ஆப்பிள் நழுவி ஓடும்! ஆப்பிள் ஏன் மிதக்கிறது? அதன் சதையில் செல்களுக்கிடையே நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஆப்பிளின் மொத்தக் கன அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காற்றுதான். எனவே அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவு. காற்றறைகள் நிறைந்த இந்தச் சதைக்குள் நிறையச் சாறும் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இது பயன்படும்.

பாகின் பதம்

ஹாலோவீன் தின்பண்டங்களில் பலவும் சர்க்கரைப் பாகிலிருந்து பிறப்பவை. பாகு காய்ச்சுவதில் உள்ள விஞ்ஞானத்தை நம் வீட்டு அடுப்பிலும் காணலாம்.

தூய நீர், கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதில் சர்க்கரையைக் கரைத்தால் கொதிநிலை உயர்கிறது. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிறது. சர்க்கரை அப்படியே தங்குகிறது. கரைசல் அடர அடரக் கொதிநிலையும் மேலே மேலே ஏறுகிறது. ஆகவே பாகில் வைத்த வெப்பமானி காட்டுவது வெப்பத்தை மட்டும் அன்று. பாகில் இன்னும் எவ்வளவு நீர் மிச்சம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

சுமார் 110 டிகிரியில் பாகு விரல்களுக்கிடையே நூலாக நீள்கிறது. நம் வீடுகளில் ‘கம்பிப் பதம்’ என்பது இதுதான். 112 முதல் 116 டிகிரி வரை, குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் அது மெத்தென்ற உருண்டையாகிறது. அப்போது பாகில் சர்க்கரை சுமார் 85 சதவீதம் இருக்கும். 121 முதல் 130 டிகிரிக்குள் உருண்டை கெட்டிப்படுகிறது. சர்க்கரை 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 150 டிகிரியை எட்டும்போது பாகில் நீர் அநேகமாக இல்லை. நீரில் விட்ட சொட்டு கண்ணாடிபோல் இறுகி, ஒடித்தால் ‘பட்’ என்று முறிகிறது.

கார்த்திகைத் தீபத்திற்கு உங்கள் பாட்டி பொரி உருண்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டுவார். அதைத் தட்டில் போட்டு, ‘டங்’ என்ற ஓசை கேட்டால்தான் பொரியைக் கொட்டுவார். வெப்பமானி இல்லாமலே அவர் அளப்பது பாகிலுள்ள நீரின் அளவைத்தான். அமெரிக்கக் குடும்பங்கள் ஹாலோவீனுக்குச் செய்யும் சோளப்பொரி உருண்டையும் ஏறக்குறைய இதே முறையில் செய்யப்படுகிறது.

சோளம் பொரிவதும் ஒரு பௌதிக நிகழ்ச்சியே. பொரிக்கப் பயன்படும் மக்காச்சோள மணியில் சுமார் 14 சதவீதம் நீர் இருக்கிறது. மணியின் தோல் உறுதியானது. நீராவியை எளிதில் வெளியே விடாது. மணி 180 டிகிரி அளவுக்குச் சூடாகும்போது உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 9 மடங்காகிறது. தோல் வெடிக்கிறது. உள்ளே குழைந்திருந்த மாவுப்பொருளை நீராவி நுரைபோல் ஊதிவிடுகிறது. அந்த நுரை உடனே குளிர்ந்து இறுகிவிடுவதால் பொரி பஞ்சுபோல் நிற்கிறது. பழைய சோளம் சரியாகப் பொரியாமல் போவதற்கு அதன் ஈரம் வற்றிப்போவதே பெரும்பாலும் காரணம்.

பாகு காய்ச்சுவதில் ஓர் இடையூறு உண்டு. சர்க்கரை மூலக்கூறுகள் மீண்டும் அணிவகுத்துப் படிகங்களாகிவிடும். பாகு நறநறவென்று ஆகிவிடும். இதைத் தடுக்க நம் வீடுகளில் சில துளி எலுமிச்சைச் சாறு விடுவார்கள். அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியை குளூக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரு சிறு சர்க்கரைகளாகப் பிரிக்கிறது. வேற்று ஆட்கள் நடுவே புகுந்தால் அணிவகுப்புக் குலைந்துவிடும் அல்லவா? அதுபோலவே இவை படிகம் அமைவதைக் குலைக்கின்றன. மேலை நாட்டு வீடுகளில் மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த குளூக்கோஸ் பாகைச் சேர்ப்பதும் இதற்காகவே.

காரமெல் ஆப்பிள்

இனி நம் கதையின் நாயகனுக்கு வருவோம். சர்க்கரையோடு பால் அல்லது பாலேடு, வெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சினால் பழுப்பு நிறமும் நறுமணமும் கொண்ட காரமெல் கிடைக்கிறது. இந்த நிறமும் மணமும் பெரும்பாலும் பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் வினைபுரிவதால் உண்டாகின்றன. 1912ஆம் ஆண்டில் இவ்வினையைப்பற்றி எழுதிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி காமில் மையார் பெயராலேயே இது ‘மையார் வினை’ எனப்படுகிறது. ரொட்டியின் மேற்புறம் சிவப்பதும், நம் பால்கோவா நிறம் மாறுவதும் இவ்வினையால்தான்.

ஆப்பிளைக் கழுவித் துடைத்து, காம்பு இருந்த இடத்தில் ஒரு மரக்குச்சியைக் குத்துவார்கள். குச்சியைப் பிடித்துக்கொண்டு ஆப்பிளைச் சூடான காரமெலில் முழுக்கி எடுப்பார்கள். ஆறியதும் பாகு ஒரு சட்டைபோல ஆப்பிளைப் போர்த்திக்கொள்ளும். வெளியே இனிப்பு, உள்ளே புளிப்பு. தாய், தந்தை, குழந்தைகள் என்று எல்லோரும் கூடிச் செய்யும் பண்டம் இது. கடைகளும் இதைச் செய்து உறையிலிட்டு விற்கின்றன.

இந்தப் பண்டம் பாதுகாப்பானது என்று உணவு விஞ்ஞானிகள் நீண்டகாலம் எண்ணியிருந்தனர். அவ்வாறு எண்ணியதற்குத் தக்க காரணங்களும் இருந்தன.

முதல் காரணம் புளிப்பு. ஆப்பிளின் பி.எச். மதிப்பு பொதுவாக 4க்கும் கீழே. நோய் உண்டாக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் இவ்வளவு அமிலத்தில் பெருகுவதில்லை. ஊறுகாய் கெடாமலிருப்பதற்கும் புளிப்பு ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் இனிப்பு. காரமெலில் நீர் மிகக் குறைவு. உள்ள நீரையும் சர்க்கரை மூலக்கூறுகள் பற்றிக்கொண்டிருக்கின்றன. பாக்டீரியா அதில் விழுந்தால், தான் பருக நீர் கிடைக்காமல் தவிப்பதோடு, தன் உடலிலுள்ள நீரையும் இழக்கிறது. தேனும் வெல்லமும் நெடுநாள் கெடாமலிருப்பது இதனால்தான்.

ஆப்பிளில் பாக்டீரியா பெருகாது. காரமெலிலும் பெருகாது. அப்படியானால் இரண்டும் சேர்ந்த பண்டத்தில் மட்டும் எப்படிப் பெருகும்?

2014ஆம் ஆண்டின் புதிர்

2014ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அடுத்த ஜனவரி வரை அமெரிக்காவின் 12 மாநிலங்களில் 35 பேர் ஒரே வகையான நோய்க்கு ஆளாயினர். அவர்களில் 34 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 7 பேர் இறந்தனர். அவற்றில் குறைந்தது 3 இறப்புகளுக்கு இந்நோய் காரணமாயிருந்தது. நோய்க் கிருமியின் பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். மண்ணிலும் நீரிலும் வாழும் இந்தப் பாக்டீரியா, கருவுற்ற பெண்களுக்கும், பிறந்த குழந்தைகளுக்கும், முதியோருக்கும் மிகவும் ஆபத்தானது. மற்றக் கிருமிகள் பலவும் ஓய்ந்துபோகும் குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் இது மெல்ல மெல்லப் பெருகக்கூடியது.

இக்கிருமி வழக்கமாகப் பரவுவது சரியாகப் பதப்படுத்தாத பால், பாலாடைக் கட்டி, இறைச்சி ஆகியவற்றின் வழியே. ஆனால் நோயாளிகளையும் உறவினர்களையும் விசாரித்தபோது வேறொரு விடை திரும்பத் திரும்ப வந்தது. அவர்களில் பெரும்பாலோர் கடையில் வாங்கிய காரமெல் ஆப்பிளைத் தின்றிருந்தனர். கிருமி, ஆப்பிள்களைக் கழுவித் தரம்பிரித்த ஒரு நிலையத்திலிருந்து தோலில் ஒட்டிக்கொண்டு வந்தது என்பதும் தெரிந்தது. அது வந்த வழி புரிந்தது. அது பெருகிய வழி புரியவில்லை.

இப்புதிரை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்லீன் கிளாஸ் என்னும் பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் ஆராய்ந்தனர். சோதனை எளிமையானது. ஆப்பிள்களின் தோலில் லிஸ்டீரியா கிருமிகளைத் தடவினர். சில ஆப்பிள்களில் குச்சி குத்தினர், சிலவற்றில் குத்தவில்லை. எல்லாவற்றையும் சூடான காரமெலில் தோய்த்தனர். பாகின் சூட்டில் பல கிருமிகள் இறந்தன, எல்லாம் இறக்கவில்லை. பிறகு ஒரு பகுதியை 25 டிகிரியிலும், மற்றொரு பகுதியை 7 டிகிரியிலும் வைத்து, கிருமிகளைக் கணக்கெடுத்தனர்.

முடிவுகள் 2015ஆம் ஆண்டில் வெளிவந்தன. 25 டிகிரியில் வைத்த குச்சியுள்ள ஆப்பிள்களில் மூன்றே நாளில் கிருமிகள் ஆயிரம் மடங்காகப் பெருகியிருந்தன. குச்சியில்லாத ஆப்பிள்களில் பெருக்கம் தாமதப்பட்டது. 7 டிகிரியில் வைத்த குச்சியுள்ள ஆப்பிள்களில் ஒரு வாரம்வரை பெருக்கம் இல்லை, அதன்பின் தொடங்கியது. அதே குளிரில் வைத்த குச்சியில்லாத ஆப்பிள்களிலோ நான்கு வாரமாகியும் கிருமிகள் பெருகவில்லை.

ஆயிரம் மடங்கு என்றால் என்ன? ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படியே பத்து முறை இரட்டித்தால் 1,024 வரும். 72 மணி நேரத்தில் பத்து முறை! அதாவது சுமார் 7 மணிக்கு ஒரு முறை கிருமிகளின் எண்ணிக்கை இரட்டித்திருக்கிறது.

குச்சி செய்தது என்ன?

ஆப்பிளின் சதையில் நிறையச் சாறு இருப்பதை முன்பே பார்த்தோம். தோல் முழுமையாக இருக்கும்வரை சாறு உள்ளேயே இருக்கிறது. குச்சியைக் குத்தியதும் செல்கள் உடைந்து, சிறிதளவு சாறு துளை வழியாக மேலே கசிகிறது. ஆப்பிளைச் சுற்றிப் பாகுச் சட்டை இருப்பதால் அந்தச் சாறு காற்றில் உலர முடியாது. தோலுக்கும் பாகுக்கும் இடையே அது சிறைப்படுகிறது. அங்கே ஒரு மெல்லிய ஈரப் படலம் உண்டாகிறது.

இந்த ஈரப் படலம் ஆப்பிளும் அன்று, காரமெலும் அன்று. சாறு கலந்த இடத்தில் பாகு நீர்த்துவிடுகிறது. எனவே சர்க்கரையின் காவல் தளர்கிறது. பால் கலந்த பாகு சேர்ந்த இடத்தில் சாறு தன் முழுப் புளிப்போடு இருக்கவேண்டும் என்பதில்லை. கிருமிக்கு வேண்டிய ஈரமும் உணவும் அங்கே கிடைத்துவிடுகின்றன. கிருமியோ ஏற்கெனவே தோலின்மீது இருக்கிறது. இரு கோட்டைகளும் பழுதின்றி இருந்தும், அவற்றுக்கிடையே உள்ள சந்தில் பகைவன் கூடாரம் அடித்துவிட்டான்.

இதிலிருந்து பெறும் பாடம் ஆப்பிளோடு முடிவதில்லை. பாதுகாப்பான இரு பொருள்களைச் சேர்த்தால் கிடைப்பதும் பாதுகாப்பானதாகவே இருக்கும் என்று நாம் தாமாகவே முடிவுசெய்துவிடக் கூடாது. சேர்ந்த பொருளைத் தனியே சோதிக்கவேண்டும்.

அச்சமும் ஆபத்தும்

ஹாலோவீன் தின்பண்டங்களைப்பற்றி அமெரிக்கர்களிடையே நெடுநாளாக வேறோர் அச்சம் இருந்துவருகிறது. முன்பெல்லாம் வீட்டில் செய்த பிஸ்கட், பொரி உருண்டை, ஆப்பிள் முதலியவற்றையே கதவைத் தட்டும் சிறுவர்களுக்குக் கொடுத்தார்கள். ‘முன்பின் தெரியாதவர்கள் மிட்டாயில் நஞ்சு வைக்கிறார்கள், ஆப்பிளில் பிளேடு செருகுகிறார்கள்’ என்ற பேச்சு 1970களில் வலுத்தது. பெற்றோர் பயந்தனர். வீட்டுப் பண்டங்கள் மறைந்து, ஆலையில் செய்து உறையிட்ட மிட்டாய்கள் அவ்விடத்தைப் பிடித்தன.

ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியல் அறிஞர் 1958ஆம் ஆண்டிலிருந்து வெளிவந்த செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தார். வீடு வீடாகச் சென்ற குழந்தைக்கு அறிமுகமில்லாத ஒருவர் நஞ்சு கொடுத்துக் கொன்றதாக உறுதிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றையும் அவர் காணவில்லை. வந்த புகார்களில் பெரும்பாலானவை வெறும் புரளிகள்.

மிட்டாயில் நஞ்சு கலந்து பலர் மாண்டதும் உண்மையில் நடந்ததுண்டு. அது வேறோர் இடத்தில், வேறோர் காரணத்தால் நடந்தது. 1858ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள பிராட்ஃபோர்டு நகரச் சந்தையில் விற்ற பெப்பர்மின்ட் மிட்டாயைத் தின்ற சுமார் 20 பேர் இறந்தனர். 200க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அக்காலத்தில் சர்க்கரை விலை அதிகம். ஆகவே மிட்டாய் செய்பவர்கள் ஜிப்சம் போன்ற மலிவான வெண்பொடியைச் சர்க்கரையோடு கலந்துவந்தனர். அன்று மருந்துக் கடையில் அப்பொடிக்குப் பதிலாகத் தவறுதலாக 12 பவுண்டு ஆர்சனிக் டிரை ஆக்சைடைக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் வெண்பொடிதான்! யாரையும் கொல்லவேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. கலப்படமும் கவனக்குறைவும் சேர்ந்து அவ்வளவு உயிர்களைக் குடித்தன. இந்நிகழ்ச்சி எழுப்பிய கொந்தளிப்பு, 1860ஆம் ஆண்டில் கலப்படத் தடைச் சட்டமும் 1868ஆம் ஆண்டில் மருந்து, நஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் பிரிட்டனில் தோன்றத் துணைசெய்தது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கொடியவனை எண்ணி ஒரு நாடே அஞ்சியது. ஆனால் தீங்கு வந்த வழிகளோ பெயர் ஒட்டாத ஒரு வெண்பொடி, சரியாகக் கழுவாத ஓர் இயந்திரம், மேசைமீது பல நாள் கிடந்த ஓர் ஆப்பிள் ஆகியவை. ஆபத்து எங்கிருக்கிறது என்பதை அச்சம் சொல்லாது. கணக்கெடுப்பும் சோதனையுமே சொல்லும்.

வீட்டில் செய்யும் காரமெல் ஆப்பிளைக் கைவிடவேண்டியதில்லை. ஆப்பிளை நன்கு கழுவி உலர்த்தவேண்டும். குச்சி சுத்தமாயிருக்கவேண்டும். செய்தவுடன் தின்றுவிடுவது நல்லது. வைத்திருக்க நேர்ந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாளுக்குள் தின்றுவிடவேண்டும்.

செய்து பாருங்கள்

1. வெட்டிய ஆப்பிள் அல்லது கொய்யாத் துண்டுகள் இரண்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றின்மீது ஒரு தேக்கரண்டி சர்க்கரையைத் தூவுங்கள். அரை மணி கழித்து இரண்டையும் பாருங்கள். சர்க்கரை தூவிய துண்டைச் சுற்றிச் சாறு தேங்கியிருக்கும். செல்களிலிருந்து நீரைச் சர்க்கரை வெளியே இழுத்துவிட்டது. பாகுக்கு அடியில் ஈரம் சேர்ந்தது எப்படி என்பது இப்போது விளங்கும். சோதித்த துண்டுகளை அன்றே தின்றுவிடலாம்.

2. உறை பிரித்த கடினமான மிட்டாய் இரண்டு எடுங்கள். ஒன்றை இறுக மூடிய உலர்ந்த டப்பாவிலும், மற்றொன்றைத் திறந்த தட்டிலும் வையுங்கள். மழைக்காலமாயிருந்தால் ஓரிரு நாளில் தட்டிலுள்ள மிட்டாய் பிசுபிசுப்பாகிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை அது ஈர்த்துக்கொண்டதே காரணம். எவ்வளவு நேரத்தில் மாற்றம் தெரிகிறது என்று குறித்து வையுங்கள். அதே சோதனையைக் கோடையில் மறுபடி செய்து, இரு குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. அடுத்தமுறை வீட்டில் பாகு காய்ச்சும்போது பெரியவர்களுடன் நின்று கவனியுங்கள். கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு, கொதிநீரைவிடக் கொடிய காயம் உண்டாக்கும். எனவே நீங்களாகத் தொடவேண்டாம். கம்பிப் பதத்திலும் உருட்டுப் பதத்திலும் ஒவ்வொரு சொட்டை நீரில் விடச் சொல்லி வேறுபாட்டைப் பாருங்கள். சொட்டு இறுகுவதற்கும் பாகில் மிஞ்சிய நீருக்கும் உள்ள தொடர்பை உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள் விளக்கிச் சொல்லலாம்.